புரோகிராமிங் போட்டிக்குப் பயிற்சி எடுப்பது எப்படி? இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பினாங்கு மாநிலத்துப் பிறையில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சனிக்கிழமை காலையானால் நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்பும் சார்ஜருமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். படிவம் 2 முதல் 5 வரை எல்லா வயதிலும் உண்டு, பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். நான் வாத்தியார் இல்லை. பாயான் லெப்பாஸில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன், அக்கா மகனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது இப்படி ஆகிவிட்டது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அண்ணே, எத்தனை கணக்கு போட்டா செலக்ட் ஆகலாம்?"

கணக்கு என்றால் இங்கே புரோகிராம் எழுதித் தீர்க்க வேண்டிய கேள்வி. எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. இருநூறு சுலபமான கணக்கைப் போட்டுவிட்டு, கொஞ்சம் கஷ்டமான ஒன்று வந்ததும் திணறிய பையனைப் பார்த்திருக்கிறேன். தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் திரும்பிப் போய் ஏன் தப்பு என்று கண்டுபிடித்த பிள்ளை, அதில் பாதிகூடப் போடாமல் அவனைத் தாண்டிப் போனாள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான் போகும்.

எந்தப் போட்டி?

நம் ஊரில் ஆரம்பிக்க நல்ல இடம் பெப்ராஸ். 2004-இல் லித்துவேனியாவில் தொடங்கியது, அந்த மொழியில் பெப்ராஸ் என்றால் நீர்நாய் மாதிரியான பீவர் என்கிற பிராணி. அதில் கோட் எழுத வேண்டியதே இல்லை, யோசிக்க வைக்கிற புதிர்கள்தான். அதற்கு அடுத்த கட்டம் மலேசிய கம்ப்யூட்டிங் ஒலிம்பியாட். அனைத்துலக ஒலிம்பியாடுக்கு மலேசிய அணியைத் தேர்ந்தெடுக்கிற வழி அதுதான். அனைத்துலகப் போட்டி 1989-இல் பல்கேரியாவில் ஆரம்பமானது, ஒரு நாட்டிலிருந்து நான்கு பேர்தான் போக முடியும். இரண்டு நாள் போட்டி, ஒவ்வொரு நாளும் 5 மணி நேரம், 3 கணக்குகள், கணக்குக்கு 100 புள்ளி. 5 மணி நேரத்துக்கு மூன்றே கணக்கு என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேகமாக டைப் அடிப்பவனைத் தேடுகிற போட்டி இல்லை அது. பதிவுத் தேதி, விதிமுறைகளை அந்தந்த வருஷத்து அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், சீனியர் அக்கா சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள்.

எந்த மொழி?

இதில் சண்டை போட்டே பல பேர் இரண்டு மாதத்தை வீணாக்குகிறார்கள். பைத்தான் தெரிந்தால் பைத்தானிலேயே ஆரம்பியுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் ஒலிம்பியாட் பக்கம் போக நினைத்தால் மூன்று மாதத்துக்குள் சி பிளஸ் பிளஸுக்கு மாறிவிடுங்கள், ஏனென்றால் அதே லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற பகுதி) பைத்தான் பல மடங்கு மெதுவாக ஓட்டும், அனைத்துலகப் போட்டியிலும் இப்போது சி பிளஸ் பிளஸ்தான். மொழி முழுவதையும் கற்க வேண்டியதில்லை. லூப், இஃப், ஃபங்ஷன், வெக்டர், சார்ட் (வரிசைப்படுத்துவது), மேப், செட் இவ்வளவு போதும். கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் பள்ளிப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. சுத்தமாக இல்லையென்றால் நூலகக் கணினி. தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு க்ரீன் லேனில் பினாங்கு டிஜிட்டல் நூலகம் இருக்கிறது. கைப்பேசியில் கோட் எழுதிப் பழகுவதை மட்டும் நான் சொல்ல மாட்டேன், கண்ணும் கெடும் கோபமும் வரும்.

முதல் சில வாரங்கள்: கேட்டதை மட்டும் அச்சிடுங்கள்

பள்ளியில் கற்றுக்கொண்டு வருகிற பிள்ளைகளின் முதல் தோல்வி எப்போதும் ஒரே மாதிரி. புரோகிராம் சரி, விடை சரி, ஆனால் திரையில் சிவப்பாக ராங் ஆன்சர். போய்ப் பார்த்தால் முதல் வரியில் "சிலா மாசுக்கான் நொம்போர்:" (எண்ணைக் கொடுங்கள்) என்று அழகாக அச்சிட்டு வைத்திருப்பார்கள். வகுப்பில் ஆசிரியருக்கு அது மரியாதையான புரோகிராம். போட்டியில் உங்கள் விடையைத் திருத்துவது மனுஷன் இல்லை, இன்னொரு புரோகிராம். அது 15 என்று எதிர்பார்த்தால் நீங்கள் 15 என்று மட்டும்தான் அச்சிட வேண்டும். "விடை 15" என்று எழுதினாலும் தப்பு, "யெஸ்" என்று எல்லாம் பெரிய எழுத்தில் கேட்ட இடத்தில் சிறிய எழுத்தில் எழுதினாலும் பல தளங்களில் தப்பு.

பயிற்சிக்கு நான் முதலில் கொடுப்பது பின்லாந்துக்காரர்களின் சிஎஸ்இஎஸ் தளத்துக் கணக்குகள், இலவசம். அதன் முதல் கணக்கே ஒரு நல்ல பொறி. ஓர் எண் கொடுப்பார்கள். இரட்டை எண்ணாக இருந்தால் பாதியாக்கு, ஒற்றை எண்ணாக இருந்தால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, 1 வரும்வரை வழியில் வருகிற எண்களையெல்லாம் அச்சிடு. அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் எழுதி, 3 கொடுத்துப் பார்த்து, சரியாக வந்ததும் சப்மிட் செய்வார்கள். தளம் ஓட்டிப் பார்க்கிற சோதனைகளில் சில டெஸ்ட் பச்சை, சில டெஸ்ட் சிவப்பு.

அப்போது நான் 113383 என்று போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். கொடுத்த எண் என்னவோ ஆறு இலக்கம்தான், ஆனால் வழியில் அது 2,482,111,348 வரை ஏறுகிறது. இன்ட் என்று அறிவித்த பெட்டியில் அதிகபட்சம் 2,147,483,647தான் கொள்ளும். அதைத் தாண்டியதும் எண் வழக்கமாக மைனஸ் 1,812,855,948 ஆகிவிடும், அப்புறம் எங்கே 1 வரப்போகிறது? இன்ட் என்பதை அதைவிடப் பெரிய பெட்டியான லாங் லாங் என்று மாற்றினால் வேலை முடிந்தது. இதை நானே முதலில் சொல்லிவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். மைனஸ் எண் திரையில் ஓடுவதைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்கிலும் "இது இன்ட்டில் அடங்குமா" என்று தாமாகவே கேட்கிறார்கள்.

கேள்வியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

கணக்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், அதுவும் ஒரு பக்கக் கதையோடு. மாடு, குரங்கு, ராஜா, மந்திரி என்று யாராவது வருவார்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பார்த்துப் பயந்து வேகவேகமாக வாசித்து, பாதி புரிந்ததும் கோட் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் வைத்திருக்கிற விதி இது: வாசித்து முடித்ததும் திரையை மூடு, பக்கத்தில் இருப்பவருக்குக் கணக்கை இரண்டு வாக்கியத்தில் தமிழில் சொல். என்ன கொடுக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள். சொல்ல வராவிட்டால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்ப வாசி. வீட்டில் தனியாக இருந்தால் சுவரிடம் சொல்லுங்கள், அம்மா ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. அதற்குப் பிறகு, அவர்கள் கொடுத்த மாதிரி இன்புட்டை எடுத்துக் காகிதத்தில் கையால் போட்டு, மாதிரி விடை வருகிறதா என்று பாருங்கள். பாதித் தப்பு இங்கேயே மாட்டிவிடும்.

எல்லை சொல்லும் வரியில்தான் பாதி விடை

ஒவ்வொரு கணக்கின் கீழேயும் எண்கள் எவ்வளவு பெரிதாக வரலாம் என்று ஒரு வரி இருக்கும். புதியவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பழகியவர்கள் கதையை வாசிப்பதற்கு முன்பே அங்கே பார்த்துவிடுவார்கள்.

உதாரணத்துக்கு நான் உருவாக்கிய ஒரு கணக்கு. பட்டர்வொர்த் ஃபெரியில் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்று 200,000 நாட்களின் கணக்கு கையில் இருக்கிறது (ஐநூறு வருஷத்துக்கு மேல் வருகிறது, தெரியும், போட்டிக் கணக்கில் அப்படித்தான்). இப்போது 200,000 கேள்விகள் கேட்கிறார்கள்: இந்த நாளிலிருந்து அந்த நாள்வரை மொத்தம் எத்தனை பேர்? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு லூப் ஓட்டிக் கூட்டுவது. மோசமான நிலையில் அது 200,000 பெருக்கல் 200,000, அதாவது 40 பில்லியன் கூட்டல். ஒரு விநாடிக்குச் சுமார் 100 மில்லியன் எளிய வேலை என்று தோராயமாக வைத்துக்கொண்டால் 400 விநாடி, கிட்டத்தட்ட ஏழு நிமிடம். போட்டியில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடி.

இங்கேதான் நான் வீட்டு வாசலில் இருக்கிற மின்சார மீட்டரைக் காட்டுவேன். இந்த மாதம் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று கண்டுபிடிக்க யாராவது ஒவ்வொரு மணி நேரமாகக் கூட்டுகிறார்களா? இந்த மாத ரீடிங்கிலிருந்து போன மாத ரீடிங்கைக் கழிக்கிறார்கள், பில் கையில். அதே வேலைதான். முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நாள்வரைக்குமான மொத்தத்தை ஒரே ஒரு முறை ஓடும் மீட்டர் மாதிரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 50-ஆம் நாளிலிருந்து 80-ஆம் நாள்வரை வேண்டுமானால் 80-ஆம் நாள் ரீடிங்கிலிருந்து 49-ஆம் நாள் ரீடிங்கைக் கழியுங்கள். 50 இல்லை, 49. 50-ஐக் கழித்தால் 50-ஆம் நாள் ஆட்களே காணாமல் போய்விடுவார்கள். இந்த ஒரு இடத்தில் தப்பு செய்யாத பிள்ளையை நான் இன்னும் பார்த்ததில்லை. இப்போது 40 பில்லியன் வேலை வெறும் 400,000 ஆகிவிட்டது.

இந்தக் கணக்குப் போடுகிற பழக்கம் வந்துவிட்டால் எல்லை வரியே வழி சொல்லும். 20 வரைதான் என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்துப் பார்க்கலாம், மில்லியனைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 500 என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப், 5,000 என்றால் இரண்டு. 200,000 வந்தால் சார்ட் செய்வதோ மீட்டர் வித்தையோ பைனரி சர்ச்சோ ஏதோ ஒன்று. 1-க்குப் பின்னால் 18 பூஜ்ஜியம் போட்டிருந்தால் லூப்பை மறந்துவிட்டு காகிதத்தை எடுங்கள்.

என்ன, எந்த வரிசையில்

முதலில் நேரடியாகச் சொன்னதைச் செய்கிற கணக்குகள், பிறகு சார்ட், மீட்டர் வித்தை, பைனரி சர்ச். பைனரி சர்ச்சைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை, ஒன்று முதல் ஒரு மில்லியன் வரை நான் நினைத்த எண்ணை நீங்கள் ஒவ்வொரு கேள்விக்கும் பாதியை ஒதுக்கிக்கொண்டே போய் இருபதே கேள்வியில் கண்டுபிடிக்கிற விளையாட்டுதான். அப்புறம் ஸ்டாக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கிற அடுக்கு), கியூ (முதலில் வந்ததை முதலில் எடுக்கிற வரிசை). அதற்கும் பின்னால் வரைபடத்தில் வழி தேடுகிற பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ்.

கடைசியாக வருகிற இரண்டில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள்: கிரீடியும் டிபியும் (டைனமிக் புரோகிராமிங்). கிரீடி என்றால் அந்த நேரத்துக்கு நல்லதாகத் தெரிவதை எடுத்துக்கொண்டே போவது. நம் சில்லறையில் பெரிய காசிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் எப்போதும் குறைந்த காசுகளில் முடியும், அதனால் அதுதான் சட்டம் என்று தோன்றிவிடும். சரி, பர்ஸில் 50 காசும் 20 காசும் மட்டும்தான் இருக்கிறது, 60 காசு கொடுக்க வேண்டும். பெரியதை முதலில் எடுத்தால் 50 போய்விட்டது, மிச்சம் 10-க்கு வழியில்லை. மூன்று 20 கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஒரு கிரீடி யோசனை வந்தால் உடனே எழுதாதீர்கள், அதைக் கவிழ்க்கிற ஒரு சின்ன உதாரணத்தை ஐந்து நிமிடம் தேடுங்கள். கிடைத்துவிட்டால் ஒவ்வொரு தொகைக்கும் சிறந்த விடையைச் சின்னதிலிருந்து பெரியதாகக் குறித்துக்கொண்டே போகிற டிபி பக்கம் போங்கள். டிபி பிடிபடச் சில மாதங்கள் ஆகும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

செக்மென்ட் ட்ரீ மாதிரி பெரிய பெயர்களை யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்கிற படிவம் 2 பையன்கள் உண்டு. பைனரி சர்ச் கைப்பழக்கமாகாமல் அதைத் தொடாதீர்கள்.

மாட்டிக்கொண்டால்

ஒரு கணக்கில் 45 நிமிடம் முட்டி மோதுங்கள். வெறுமனே திரையை வெறிப்பது கணக்கில் சேராது: சின்ன இன்புட்டைக் கையால் போட்டுப் பாருங்கள், மெதுவான விடையையாவது எழுதுங்கள், கணக்கை இன்னும் சுலபமாக்கி அதற்கு விடை தேடுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் அந்தக் கணக்கைத் தீர்க்கும் வழியைச் சொல்லும் விளக்கத்தின் முதல் பத்தியை மட்டும் வாசித்துவிட்டு மறுபடியும் 20 நிமிடம். அதிலும் வராவிட்டால் முழுசாக வாசியுங்கள், பிறகு மூடிவிடுங்கள், ஒரு தே ஓ குடித்துவிட்டு வந்து பார்க்காமல் நீங்களே எழுதுங்கள். விளக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் அடிப்பது பயிற்சி இல்லை, எழுத்து வேலை. ஒரு வாரம் கழித்து அதே கணக்கை வெறும் பக்கத்திலிருந்து மறுபடியும் எழுத வேண்டும், இதைச் செய்யச் சொன்னால்தான் எல்லாருக்கும் முகம் சுருங்கும்.

ஏஐ கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். போட்டி நடக்கும்போது தொடக் கூடாது, ஆன்லைன் போட்டிகளிலும் இதற்குக் கடுமையான விதிகள் இருக்கின்றன. பயிற்சியில், நீங்களே எழுதி, நீங்களே தப்பைத் தேடி, களைத்துப்போன பிறகு "இந்த வரி ஏன் தப்பு" என்று கேட்டால் தப்பில்லை. கணக்கை அப்படியே ஒட்டி விடை வாங்குவது, ஜிம்முக்குப் போய் வேறு ஒருவரை எடை தூக்கச் சொல்வது மாதிரி.

தப்பு நோட்டு

ஒரு நோட்டுப் புத்தகம், 2 வெள்ளிக்குள் கிடைக்கும். ஒவ்வொரு தப்பான சப்மிட்டுக்கும் ஒரு வரி. "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "49-க்குப் பதில் 50 கழித்தேன்", "அடுத்த டெஸ்டுக்கு முன் வரிசையைக் காலி செய்யவில்லை", "ஒரே ஓர் உறுப்பு மட்டும் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை", இப்படி. மூன்று மாதத்தில் புரட்டிப் பார்த்தால் உங்களுக்கென்று நாலைந்து தப்புகள்தான் திரும்பத் திரும்ப வருவது தெரியும். போட்டியில் சப்மிட் அழுத்துவதற்கு முன் பார்க்க வேண்டிய பட்டியல் அதுதான், வேறு யாருடைய பட்டியலும் உங்களுக்கு அவ்வளவு உதவாது.

தப்பு எங்கே என்றே தெரியாதபோது ஒரு வழி இருக்கிறது, பலர் சோம்பேறித்தனத்தால் செய்வதில்லை. அதே கணக்குக்கு மெதுவான, ஆனால் சந்தேகமே இல்லாத ஒரு புரோகிராமை எழுதுங்கள். ஐந்தாறு சின்ன எண்களைக் கண்டபடி உருவாக்குகிற மூன்றாவது புரோகிராம் ஒன்று. அதன் வெளியீட்டை இரண்டுக்கும் கொடுத்து, விடைகள் வேறுபடும்வரை ஆயிரம் தடவை ஓட்டுங்கள். வேறுபட்ட இடத்தில் உங்கள் தப்பு ஐந்து எண்களோடு கையில் நிற்கும். முதல் தடவை எழுத அரை மணி நேரம் ஆகும், பழகிவிட்டால் பத்து நிமிடம்.

ஒரு வாரம் எப்படிப் போகும்

பள்ளி, டியூஷன், கோயில், தேவாரம் வகுப்பு எல்லாம் போக வார நாளில் ஒரு கணக்குக்குத்தான் நேரம் இருக்கும். போதும். சனிக்கிழமை இரவு ஜப்பானின் அட்கோடர் தளத்தில் தொடக்கநிலைப் போட்டி வரும், அவர்கள் நேரம் 9 மணி என்றால் நமக்கு 8 மணி, 100 நிமிடம். சில வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் தொடங்கிய கோட்ஃபோர்சஸ் தளத்தின் போட்டிகள் பெரும்பாலும் மாஸ்கோ நேரம் மாலை 5.35-க்கு, அதாவது நமக்கு இரவு 10.35. மறுநாள் காலை ஏழரைக்குப் பள்ளியில் நிற்க வேண்டிய பிள்ளை நள்ளிரவு தாண்டி உட்கார்ந்து சிவப்பு வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே தளத்தில் முடிந்த போட்டியை நேரம் ஓட ஓட எழுதுகிற வசதி இருக்கிறது, அதை வார இறுதியில் பகலில் எழுதுங்கள். அமெரிக்க ஒலிம்பியாட் தளத்திலும் நம் பிள்ளைகள் பங்கேற்கலாம். வெண்கலம், சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படிப்படியாக ஏறலாம். பழைய வழிகாட்டிகள் பலவும் கூகுள் கோட் ஜாமைச் சொல்லும், அது 2023-லேயே மூடப்பட்டுவிட்டது.

ஞாயிறுதான் முக்கியம். முந்தைய இரவு போட்டியில் முடியாமல் போன முதல் கணக்கு, அந்த ஒன்றை மட்டும், முடிக்கும்வரை. அதற்கு அடுத்ததைத் தொட வேண்டாம், உங்கள் எல்லை எங்கே என்று காட்டுவது முதலாவதுதான்.

படிவம் 5 முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் வருஷத்தில் இதையெல்லாம் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் சண்டை போட்டு வாங்குகிற நேரத்தில் மூளை வேலை செய்யாது.

போட்டி நாள்

நானே பட்ட ஒன்று. கல்லூரிக் காலத்தில் ஒரு போட்டிக்கு முந்தைய இரவு ஒரு மணி வரை புதிய அல்காரிதம் படித்துவிட்டுப் போய், முதல் கணக்கில் கூட்டலுக்குப் பதில் கழித்தலைப் போட்டுவிட்டு நாற்பது நிமிடம் தேடிக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் தப்பு நோட்டைப் புரட்டுங்கள், பத்து மணிக்குப் படுங்கள், லேப்டாப்பின் அப்டேட்டை முன்பே முடித்துவிடுங்கள்.

ஆரம்பித்ததும் எல்லாக் கணக்கையும் ஒருமுறை வாசியுங்கள். முதலில் இருப்பதுதான் சுலபம் என்று கட்டாயம் இல்லை. ஒலிம்பியாட் மாதிரிப் போட்டிகளில் ஒரு கணக்கே பகுதிகளாகப் பிரிந்து புள்ளி தரும்: சின்ன எண்களுக்கு மட்டும் வேலை செய்கிற புரோகிராமுக்கும் ஏதோ உண்டு. மெதுவான வழி தெரிந்தால் அதை முதலில் எழுதிப் புள்ளியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முழுப் புள்ளிக்கு ஆசைப்பட்டுப் பூஜ்ஜியத்தோடு எழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மூன்று கணக்கிலும் பாதிப் பாதி எடுத்து அவர்களைத் தாண்டியவர்களையும்தான். ஒரே கணக்கில் ஒரு மணி நேரம் நகரவில்லை என்றால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள், இன்ட்டா லாங் லாங்கா என்று மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முடிந்து வெளியே வந்ததும் நண்பர்கள் விடை பேசுவார்கள், மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டபடி நீங்களும் பேசுங்கள், அதுவும் வேண்டும்தான். வீட்டுக்கு வந்ததும் முடிக்காத அந்தக் கணக்கைத் தூங்குவதற்கு முன் தப்பு நோட்டில் இரண்டு வரி தமிழில் எழுதி வைத்துவிடுங்கள், நாளைக்கு ஞாயிறு.